சித்தப்பாவின் 50 அங்குலம்: ரியர் ப்ரொஜெக்ஷன் டிவி எப்படித் தோற்றது?

போன மாசம் எங்க வீட்டுக்குப் புது டிவி வந்தது. 55 அங்குலம். டெலிவரிக்கு வந்த தம்பி, கூட யாருமே இல்லாம, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறி வந்துட்டார். அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். டல்லாஸ் பக்கத்துல இருக்கிற சித்தி பதிலுக்கு ஒரு பழைய போட்டோ அனுப்பினாங்க. 2005, அவங்க வீட்டு ஹால். பீரோ மாதிரி ஒரு டிவியை ரெண்டு பேர் சேர்ந்து இறக்கி வைக்கிறாங்க. பக்கத்துல சித்தப்பா, கல்யாண போட்டோவுலகூட இல்லாத சிரிப்போட நிக்கிறார். கீழ சித்தி எழுதியிருந்த ஒரே வரி: "உங்க சித்தப்பா செலக்ஷன்."

அந்த டிவி ஒரு ரியர் ப்ரொஜெக்ஷன் டிவி. அதை வாங்குறதா, எல்சிடி வாங்குறதான்னு அந்த வீட்ல ஒரு மாசம் சண்டை நடந்திருக்கு. சித்தப்பா எக்ஸெல் ஷீட் எல்லாம் போட்டிருக்கார். அன்னைக்கு அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான வீடுகள்ல இதே வாக்குவாதம் நடந்திருக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலான பேர் இதைப் பார்த்ததே கிடையாது. நாம பழைய கண்ணாடிக் குழாய் டிவியிலிருந்து நேரா எல்சிடிக்குத் தாவினவங்க. 2006-ல தமிழ்நாட்டு அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சப்போகூட வந்தது 14 அங்குலக் குழாய் டிவிதான். நடுவுல ஒரு முழுத் தலைமுறை டிவி வந்துட்டுப் போனது நமக்குத் தெரியவே இல்லை. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல, பிரச்சினை என்னன்னு பார்ப்போம். பழைய டிவி, அதாவது சிஆர்டி, ஒரு வெற்றிடக் குழாய். உள்ளே காற்று கிடையாது. வெளியே இருக்கிற காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் ஒரு கிலோ கணக்குல அழுத்துது. 21 அங்குலத் திரைன்னா தாங்கிடும். 43 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க: முகப்புக் கண்ணாடி மேல மட்டும் 5 டன்னுக்கு மேல சுமை. அதைத் தாங்கணும்னா கண்ணாடி தடிமனா இருக்கணும். சோனி 1989 வாக்கில் நிஜமாவே 43 அங்குலத்துல ஒரு சிஆர்டி செஞ்சது. எடை ஏறக்குறைய 200 கிலோ. அமெரிக்காவில் விலை 40,000 டாலர். பெரிய திரை வேணும்னா குழாயைப் பெரிசாக்குறது வழி இல்லைன்னு அதோட எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு.

இன்னொரு வழி அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். சின்னப் படத்தை உண்டாக்கு, லென்ஸ் வழியா பெரிசாக்கு, திரையில போடு. சினிமா மாதிரிதான். ஆனா சினிமாவுல ப்ரொஜெக்டர் உங்களுக்குப் பின்னால இருக்கும். ரியர் ப்ரொஜெக்ஷன்ல திரைக்குப் பின்னால, பெட்டிக்குள்ளேயே இருக்கும். அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி 1940களின் கடைசியிலேயே இப்படி ஒரு டிவி வித்தது. 5 அங்குலக் குழாய், குழிக் கண்ணாடி, பெட்டிக்குள்ள மடிச்சு மடிச்சு விட்ட ஒளி. கடைசியில கிடைச்ச படம் 20 அங்குல அகலம், 15 அங்குல உயரம். அன்னைக்கு அது பிரம்மாண்டம்.

1980கள், 90கள்ல இந்த வகை அமெரிக்க வீடுகளுக்குப் பரவலா வந்தது. அங்கே ஹால் பெரிசு, பேஸ்மென்ட் பெரிசு, ஃபுட்பால் ஒரு மதம். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியா மூணு சின்னக் குழாய்கள். மூணும் ஒரே புள்ளியில சரியா விழணும். விழலைன்னா வெள்ளை எழுத்தைச் சுத்திக் கலர் கலரா ஓரம் கட்டும். அதைச் சரிபண்ற வேலைக்கு கன்வர்ஜென்ஸ்னு பேர். டிவியை நகர்த்தினாலே கலைஞ்சுடும். பெட்டி ஆழம் ரெண்டு அடி இருக்கும். வீடியோ கேமின் ஸ்கோர் பட்டை மணிக்கணக்கா அங்கேயே நின்னா, அது திரையில நிரந்தரமாப் பதிஞ்சுடும். இவ்வளவு தொல்லை இருந்தும் மக்கள் வாங்கினாங்க. ஏன்னா பெரிய படத்துக்கு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற வழி அது ஒண்ணுதான்.

இதைக் கிட்டத்தட்ட மறுபிறவி எடுக்க வச்சது ஒரு சிப். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல வேலை பார்த்த லாரி ஹார்ன்பெக் 1987-ல கண்டுபிடிச்ச டிஜிட்டல் மைக்ரோமிரர் டிவைஸ். எனக்கு இந்த சிப் மேல ஒரு தனிப் பாசம், அதனால கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன். கட்டைவிரல் நகம் மாதிரி ஒரு சிப். அதுமேல கண்ணாடிகள். முகம் பார்க்கிற கண்ணாடிதான், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. 1280 பெருக்கல் 720 படம்னா 9 லட்சத்துக்கும் மேல கண்ணாடிகள். ஒவ்வொண்ணும் தனித்தனியா, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஒரு பக்கம் சாய்ஞ்சா விளக்கின் ஒளி லென்ஸுக்குப் போகும், அந்தப் புள்ளி வெளிச்சம். மறுபக்கம் சாய்ஞ்சா ஒளி ஓரமாப் போயிடும், அந்தப் புள்ளி இருட்டு. பாதி வெளிச்சம் வேணும்னா பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே. நாங்க கோடு எழுதுற உலகத்துல சொல்ற ஒண்ணு, பூஜ்யம்தான். என்ன, இங்கே அந்த ஒண்ணும் பூஜ்யமும் நிஜமாவே உடம்பைச் சாய்க்குது.

கலருக்கு, விளக்குக்கு முன்னால ஒரு கலர் சக்கரம் சுத்தும். சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒண்ணுக்குப் பின் ஒண்ணா வேகமாக் காட்டினா, கண்ணு அதைச் சேர்த்து முழுக் கலரா எடுத்துக்கும். சில பேருக்குக் கண்ணைத் திருப்பும்போது ஒரு விநாடி வானவில் தெரியும். மத்தபடி கன்வர்ஜென்ஸ் தொல்லை இல்லை, படம் பதிஞ்சுபோற பயம் இல்லை, பெட்டி ஆழம் ஒன்றரை அடிக்குள்ள வந்துடுச்சு. இதுக்குத்தான் டிஎல்பின்னு பேர். சோனி சின்ன எல்சிடி சிப்களை வச்சு இதே வேலையைச் செஞ்சது. ஜேவிசி வேறொரு சிப்பை வச்சுச் செஞ்சது. பெட்டிக்குள்ள சின்னப் படம், வெளியே பெரிய படம் என்ற தத்துவம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், சிப் அளவுக்கும் திரை அளவுக்கும் சம்பந்தமே இல்லை. 50 அங்குலத்துக்கும் 70 அங்குலத்துக்கும் அதே சிப். பெட்டியும் திரையும் மட்டும்தான் பெரிசாகும். அதனால திரை எவ்வளவு பெரிசோ, அந்த அளவுக்கு ரியர் ப்ரொஜெக்ஷனுக்கு லாபம். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

எல்சிடி இதுக்கு நேரெதிர். அதுவும் ஆர்சிஏவில் தொடங்கினதுதான். ஜார்ஜ் ஹைல்மயரின் குழு 1968-ல திரவப் படிகத் திரையை உலகத்துக்குக் காட்டியது. சுவத்துல மாட்டுற டிவி வரும்னு அப்பவே அங்கே பேச்சு இருந்தது. ஆர்சிஏவுக்கு அதைத் தொடர்ற பொறுமை இருக்கல. ஜப்பான்ல ஷார்ப் அதை எடுத்து 1973-ல கால்குலேட்டர்ல வச்சது. கால்குலேட்டர், அப்புறம் லேப்டாப், அப்புறம் கம்ப்யூட்டர் மானிட்டர். டிவி என்ற இலக்கை அடையறதுக்கு முன்னாடியே, வழியில வந்த ஒவ்வொரு பொருளும் எல்சிடியின் படிப்புச் செலவைக் கட்டிடுச்சு. 1998-ல ஷார்ப் தலைவர் கட்சுஹிகோ மச்சிடா, 2005-க்குள்ள ஜப்பானில் தாங்கள் விற்கிற எல்லா டிவியையும் எல்சிடியா மாத்திடுவோம்னு அறிவிச்சார். அப்போ எல்சிடி டிவின்னா சின்ன, விலை அதிகமான சமாச்சாரம்.

சரி, இப்போ 2005, டல்லாஸ் ஹாலுக்கு வருவோம். பிளாஸ்மாவை நான் வேணும்னே ஒதுக்கி வைக்கிறேன். அது தனி எபிசோட், அதன் ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க.

சித்தப்பாகிட்ட இருந்த பட்ஜெட்டுக்கு ரெண்டு வழி. 37 அங்குல எல்சிடி, இல்லைன்னா ஏறக்குறைய அதே காசுக்கு 50 அங்குல டிஎல்பி. 13 அங்குலம்தானே வித்தியாசம்னு தோணும். திரையின் பரப்பு பார்த்தா 50 அங்குலம் 1.8 மடங்கு. அதுவும் போக, அன்றைய எல்சிடிக்கு ரெண்டு நிஜமான குறை இருந்தது. திரவப் படிகம் மெதுவாத் திரும்பும், அதனால ஓடுற பந்துக்குப் பின்னால புகை மாதிரி ஒரு வால். பின்னால எரியற விளக்கை முழுசா மறைக்க முடியாது, அதனால கறுப்பு என்பது அடர் சாம்பல். டிஎல்பியில கண்ணாடி சாயற வேகத்துக்கு அந்த வாலே கிடையாது. சித்தப்பா ஷீட்ல விலை, அளவு, அசைவு, கறுப்புன்னு வரிசையாப் போட்டு மார்க் கொடுத்திருக்கார். டிஎல்பி பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கு. போதாததுக்கு அது டல்லாஸ்காரங்க சிப். ஊர்ப் பாசம் வேற.

சித்தியின் வாதம் ஒரே வரி: "சுவத்துல மாட்டலாம்ல?" சித்தப்பா ஷீட்ல அதுக்கு ஒரு காலமே இல்லை.

நான் இந்தக் கதையைத் தோண்ட ஆரம்பிச்சப்போ சித்தப்பா பக்கம்தான் இருந்தேன். எஞ்சினியர் புத்தி. அப்புறம் சித்திகிட்ட போன்ல பேசினேன். அவங்க சொன்னது என்னை யோசிக்க வச்சது. "நான் எங்கடா அந்த டிவியைப் பார்த்தேன்? சமையல் மேடையில நின்னா படமே மங்கலாத்தான் தெரியும்."

இதுல பெரிய விஷயம் இருக்கு. ரியர் ப்ரொஜெக்ஷன் திரை சும்மா ஒரு பிளாஸ்டிக் தாள் இல்லை. உள்பக்கம் ஃப்ரெனல் லென்ஸ், வட்ட வட்டமா வரி விழுந்த தகடு. அது விரிஞ்சு வர்ற ஒளியை நேராக்கும். வெளிப்பக்கம் செங்குத்தான நுண்ணிய வரிகள் உள்ள இன்னொரு தகடு. அது ஒளியை இடது வலதாப் பரப்பும். மேலயும் கீழயும் அவ்வளவாப் பரப்பாது. வேணும்னே அப்படித்தான் வடிவமைச்சாங்க. ஒரு சின்ன விளக்கின் ஒளியை 50 அங்குலத்துக்கு நீட்டும்போது வீணாக்க முடியாது. கூரைக்கும் தரைக்கும் அனுப்புறதை மிச்சம் பிடிச்சு, சோபாவுல வரிசையா உக்காந்திருக்கிறவங்களுக்கு அனுப்பினாங்க. உக்காந்தா பிரகாசம், எழுந்து நின்னா மங்கல். கறுப்பு எவ்வளவு கறுப்புன்னு சித்தப்பா மார்க் போட்டது சோபாவிலிருந்து. அந்த வீட்ல சாயங்காலம் சோபாவுல உக்கார நேரம் இருந்தது யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து விளக்கு. இந்த டிவிக்களுக்குள்ள இருந்தது 100 முதல் 150 வாட் வரைக்கும் உள்ள பாதரச விளக்கு, ப்ரொஜெக்டர்ல இருக்கிற அதே வகை. டிவியைப் போட்டா முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அணைச்சாலும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும். சில ஆயிரம் மணி நேரத்துல விளக்கு மங்கும் அல்லது போயிடும். வீட்ல நாள் முழுக்க டிவி ஓடினா ரெண்டு மூணு வருஷம். சித்தப்பா வீட்டு டிவியில முதல் விளக்கு ஒன்றரை வருஷத்துலயே ஒரு சனிக்கிழமை ராத்திரி படார்னு போயிடுச்சு, மேட்ச் நடுவுல. புது விளக்கு தபால்ல வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் சித்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையாம். சித்தப்பா இன்னைக்கும் அதைத்தான் பெரிய தண்டனையாச் சொல்றார்.

ஆனா விளக்காலயோ மங்கலாலயோ மட்டும் ரியர் ப்ரொஜெக்ஷன் சாகல. அதைக் கொன்னது கண்ணாடித் தகடு.

எல்சிடி பேனலை ஒவ்வொண்ணாச் செய்யறதில்லை. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டுல பல பேனல்களைச் சேர்த்துச் செஞ்சு, அப்புறம் வெட்டுவாங்க. மைசூர்பாக் தட்டு மாதிரி. தட்டு அளவை வச்சுத் தொழிற்சாலைகளைத் தலைமுறைன்னு எண்ணுவாங்க. ஷார்ப் 2004-ல ஜப்பானின் கமேயமாவில் திறந்தது ஆறாம் தலைமுறை: 1500க்கு 1800 மில்லிமீட்டர். அதுல 32 அங்குலம்னா 8 பேனல், 37 அங்குலம்னா 6. 46 அங்குலம் போட்டா 3 தான், மிச்சக் கண்ணாடி வீண். அதனாலதான் சித்தப்பா கடைக்குப் போனப்போ 37-க்கு ஒரு விலை, 46-க்கு எட்டாத விலை. 2006-ல அதே ஊர்ல ரெண்டாவது ஆலை, எட்டாம் தலைமுறை: 2160க்கு 2460. தகட்டின் பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்குதான். ஆனா 46 அங்குலம் இப்போ 8 பேனல் கிடைக்கும். மூணு எங்கே, எட்டு எங்கே! சோனியும் சாம்சங்கும் 2004-ல கொரியாவில் கூட்டுக் கம்பெனி ஆரம்பிச்சு ஏழாம் தலைமுறை ஆலை போட்டாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க, சோனி ஒரு கையால ரியர் ப்ரொஜெக்ஷன் டிவி வித்துக்கிட்டே, இன்னொரு கையால அதைக் காலி பண்ணப் போற ஆலைக்குக் காசு போட்டுக்கிட்டு இருந்தது.

ரியர் ப்ரொஜெக்ஷனுக்கு இப்படி ஒரு தட்டு இல்லை. சிப் மலிவாகலாம். லென்ஸ், கண்ணாடி, விளக்கு, கலர் சக்கரம், ஃபேன், பெரிய பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் எத்தனை செஞ்சாலும் பெரிசா மலிவாகாது. கப்பல்ல ஏத்தினா அந்தப் பெட்டிக்குள்ள பாதி வெறும் காற்று. அதுக்கும் சரக்குக் கட்டணம்.

இங்கே ஒரு கிளைக்கதை. எல்சிடி விலை இப்படிச் சரிஞ்சுக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, பேனல் கம்பெனிகள் சில ரகசியமாக் கூடி விலையைப் பிடிச்சு வைக்கப் பார்த்தாங்க. 2008 நவம்பர்ல எல்ஜி டிஸ்ப்ளே, ஷார்ப், சுங்வா மூணும் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கிட்டு மொத்தம் 585 மில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிட்டாங்க. தைவானின் ஏயூ ஆப்ட்ரானிக்ஸுக்குப் பின்னாடி 2012-ல தனியா 500 மில்லியன். கூட்டு சேர்ந்து பிடிச்சு நிறுத்தப் பார்த்தும் விலை விழுந்ததுன்னா, அந்த ஆலைகளின் வேகம் எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க.

ரியர் ப்ரொஜெக்ஷன்காரங்க சும்மா இல்லை. 1080 வரி வேணும்னு சந்தை கேட்டப்போ, பாதிக் கண்ணாடிகள் உள்ள சிப்பையே வச்சு, படத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அரைப் புள்ளி நகர்த்தி நகர்த்தி முழு 1080 காட்டினாங்க. ஹெச்பி கண்டுபிடிச்ச இந்த வித்தைக்கு வாபுலேஷன்னு பேர். நல்ல ஜுகாட், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2006-ல சாம்சங் பாதரச விளக்கைத் தூக்கிட்டு எல்இடி வச்சது. ஆர்சிஏ பெயரில் 7 அங்குலத்துக்கும் குறைவான ஆழத்துல 61 அங்குல டிவிகூட வந்தது. சுவத்துல மாட்டலாம். சித்தி கேட்ட அதே டிவி, ஆனா நடுத்தரக் குடும்பத்து விலையில இல்லை.

நடந்தது வெள்ளம் ஏர்ற மாதிரிதான். திரை பெரிசாக ஆக ரியர் ப்ரொஜெக்ஷனுக்கு லாபம்னு சொன்னேன்ல? அதனால எல்சிடி கீழ இருந்து ஒவ்வொரு அளவா முழுங்கிட்டு வந்தது. முதல்ல 40 அங்குலம் போச்சு. அப்புறம் 46, அப்புறம் 50. 2007-ன் கடைசிக் காலாண்டுல உலக அளவுல எல்சிடி டிவி விற்பனை, குழாய் டிவியை முதல் தடவையாத் தாண்டியது. அதே டிசம்பர்ல சோனி ரியர் ப்ரொஜெக்ஷனை விட்டு விலகுறதா அறிவிச்சது. பிறகு சாம்சங்கும் போனது. மிட்சுபிஷி மட்டும் மேட்டு நிலத்துல ஏறி நின்னது. 2008-ல 6,999 டாலருக்கு லேசர் ஒளி வச்ச 65 அங்குல டிவி, கடைசியில 73, 82, 92 அங்குலங்கள். 92 அங்குலத்துக்கு எல்சிடி போட்டி ரொம்பக் குறைவு. ஆனா 92 அங்குல டிவியை வாசல் வழியா உள்ளே கொண்டுவரக்கூடிய வீடுகள் எத்தனை இருக்கும்? 2012 டிசம்பர்ல மிட்சுபிஷியும் நிறுத்தியது.

அப்போ சித்தப்பா முட்டாளா? இல்லைன்னுதான் சொல்வேன். 2005-ல சோபாவிலிருந்து பார்த்தா அவர் கணக்கு சரி. அன்னைக்கு அந்தக் காசுக்கு அதைவிட நல்ல படம் கடையில இல்லை. அவர் ஷீட்ல விட்டுப்போனது ரெண்டு. ஒண்ணு, ஜப்பான்லயும் கொரியாவுலயும் கட்டிக்கிட்டிருந்த ஆலைகள். அது பத்திரிகையில வந்த செய்திதான், ஆனா டிவி வாங்கப் போறவர் கண்ணாடித் தகட்டின் அளவையா படிச்சுட்டுப் போவார்? இன்னொண்ணு, சமையல் மேடை. அதுக்குப் பத்திரிகை படிக்க வேண்டியதில்லை, திரும்பிப் பார்த்திருந்தாலே போதும். இதை அவர்கிட்டயே சொன்னேன். "எபிசோட்ல அந்த வரியை எடுத்துடு"ன்னார். எடுக்கல, சாரி சித்தப்பா.

அந்த சிப் சாகல. இன்னைக்கு நீங்க தியேட்டருக்குப் போனா, பின்னால ப்ரொஜெக்டர் அறையில இருக்கிறது பெரும்பாலும் அதே கண்ணாடி சிப்பின் பெரிய வடிவமா இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொண்ணுன்னு மூணு சிப், கலர் சக்கரம் கிடையாது. ஃபிலிம் சுருள் போய் டிஜிட்டல் சினிமா வந்ததுல அதுக்குப் பெரிய பங்கு. ஹார்ன்பெக்குக்கு 2015-ல ஆஸ்கர் சிலையே கொடுத்தாங்க.

சித்தப்பா வீட்டு டிவி 2011-ல மூணாவது விளக்கோட ஓய்வு பெற்றது. குப்பை வண்டி எடுக்க மாட்டேன்னுட்டாங்க, அதனால அவரே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பிரிச்சிருக்கார். அந்த ஃப்ரெனல் லென்ஸ் தகடு, 50 அங்குலம் முழுசும், இன்னமும் கராஜ்ல சாய்ச்சு வச்சிருக்கு. ஒரு கோடைக்காலம் அதை வெயில்ல பிடிச்சு, இரும்புத் தோசைக்கல்லுல முட்டை பொரிச்சுக் காட்டியிருக்கார். அடுத்த நாள் ஓரத்துல மாட்டி வச்சது காத்துல திரும்பி, தோட்டத்து மரவேலியில கைநீளத்துக்குக் கருக்கிடுச்சு. அதுக்கப்புறம் சித்தி அது மேல போர்வை போட்டுக் கட்டிட்டாங்க. போன வாரம் கேட்டேன், போர்வை இன்னும் அப்படியே இருக்காம்.